கையைக் கட்டாதீங்க... பாட்டை நிறுத்தாதீங்க!

இடது கைப் பழக்கம், சங்கீதம், பேச்சு... இந்த மூன்றுக்கும் மூளையில் என்ன சம்பந்தம்?

திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் எப்படி இருக்கும் என்று கடலூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேவநாத சுவாமி கோயிலைச் சுற்றி ஒரே காலையில் எத்தனையோ கல்யாணங்கள். எந்த மேளம் எந்த மாப்பிள்ளைக்கு என்றே தெரியாது. பக்கத்தில் ஔஷதகிரி. மலை மேல் ஹயக்ரீவர். படிப்புக்கு உரிய சாமி. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன் அங்கே கூட்டிப் போய்க் கும்பிட வைப்பார்கள்.

அப்படி மலை இறங்கிய ஒரு குடும்பம் நேரே என்னிடம் வந்தது. அம்மா, பாட்டி, ஐந்து வயதுப் பெண் குழந்தை, கூடவே தாத்தா. தாத்தாவுக்கு எட்டு மாதம் முன்னால் பக்கவாதம். ஆஸ்பத்திரி சிகிச்சை முடிந்து, வலது கை கால் பலவீனத்துக்காக எண்ணெய், தொக்கணம் என்று என்னிடம் வந்து கொண்டிருந்தார். அன்றைக்கு அவர்கள் பேச வந்ததோ பேத்தியைப் பற்றி.

"அரிசியில 'அ' எழுத வெச்சோம் சார். இடது கையைத்தான் நீட்டுது. எவ்வளவு சொல்லியும் கேக்கல" என்றார் அம்மா.

"பீச்சாங்கையால ஆனா எழுதினா படிப்பு வருமாங்க? அதான் கட்டி வெச்சிருக்கேன்" என்றார் பாட்டி. குழந்தையின் இடது மணிக்கட்டை ஒரு கைக்குட்டையால் பாவாடை நாடாவோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தார்!

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு கல்யாண ஊர்வலம். நாதஸ்வரத்தில் ஒரு பழைய பக்திப் பாட்டு. எட்டு மாதமாக "இது... இது..." என்பதைத் தவிர ஒரு வார்த்தையும் பேச முடியாத தாத்தா, அந்தப் பாட்டை வார்த்தையோடு பாட ஆரம்பித்தார். ஒரு வரி, ரெண்டு வரி. உச்சரிப்பு சுத்தமாக!

பாட்டி சட்டென்று அவர் தோளைத் தட்டி, "சும்மா இருங்க" என்றார். என்னிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "பேச்சு வரலியாம், பாட்டு மட்டும் வருதாம். அக்கம்பக்கத்துல நடிக்கிறாருன்னு சொல்றாங்க. இல்லேன்னா மூளை கலங்கிப் போச்சும்பாங்க. அதனால பாட விடறதில்ல சார்" என்றார்.

பெரியவரின் கண்ணில் தண்ணீர். பேத்தியின் கட்டிய கையைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சொல்ல வந்தது "இது... இது..." என்றுதான் வெளியே வந்தது.

ஒரு வீட்டில் ஒரு கையைக் கட்டியிருக்கிறார்கள். அதே வீட்டில் ஒரு பாட்டை நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டும் பாசத்தால் செய்ததுதான். ஆனால் இரண்டும் தப்பு. ஏன் என்று பார்ப்போமா?

பேச்சு எங்கே இருக்கிறது?

பேச்சு நாக்கில் இருக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். நாக்கு வெறும் வேலைக்காரன். எஜமான் மூளை.

1861-ல் பாரிஸ் நகரத்தில் பால் புரோக்கா என்ற டாக்டரிடம் ஒரு நோயாளி வந்தார். அவரால் சொல்ல முடிந்தது 'டான்' என்ற ஒரே ஒரு சத்தம். எதைக் கேட்டாலும் 'டான், டான்'தான். ஆனால் மற்றவர் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது. வலது பக்கம் செயலிழந்ததால் இடது கையால் ஜாடை காட்டிப் பதில் சொல்வார். சில நாட்களில் அவர் இறந்து போக, புரோக்கா மூளையைப் பரிசோதித்தார். இடது பாதியின் முன்பகுதியில் ஓரிடம் சிதைந்திருந்தது. இதே போல் இன்னும் பலரைப் பார்த்துவிட்டு, நாம் பேசுவது மூளையின் இடது பாதியால் என்று அவர் சொன்னார். அந்த இடத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

1874-ல் ஜெர்மனியில் வெர்னிக்கே என்ற டாக்டர், அதே இடது பக்கத்தில் காதுக்கு மேலே, சற்றுப் பின்னால் இன்னொரு இடத்தைச் சொன்னார். அங்கே அடிபட்டால் பேச்சு ஓட்டமாக வரும். ஆனால் அதில் அர்த்தம் இருக்காது. மற்றவர் பேசுவதும் புரியாது.

இன்னொரு விஷயத்தையும் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். மூளையின் இடது பாதி உடம்பின் வலது பக்கத்தை இயக்குகிறது. வலது பாதி இடது பக்கத்தை இயக்குகிறது. குறுக்கு இணைப்பு! அதனால்தான் வலது கை கால் விழுந்தவர்களில் பலருக்குப் பேச்சும் சேர்ந்து போய்விடுகிறது. நம் தாத்தாவுக்கு நடந்ததும் இதுதான்.

இங்கே ஒரு வார்த்தை. எங்கள் சித்த மருத்துவத்திலும் இடகலை, பிங்கலை என்று இடம் வலம் உண்டு. அது மூச்சோட்டத்தைப் பற்றிய கணக்கு. இடது மூளை, வலது மூளை என்பதை அன்றே சித்தர்கள் சொல்லிவிட்டார்கள் என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். இரண்டையும் போட்டுக் குழப்பிக் கொள்ள வேண்டாம்.

கைக்கும் பேச்சுக்கும் என்ன உறவு?

வலது கைக்காரருக்குப் பேச்சு இடது மூளையில். அப்படியென்றால் இடது கைக்காரருக்கு வலது மூளையில் இருக்க வேண்டும் அல்லவா? நியாயமான கேள்வி. ஆனால் உண்மை அப்படி இல்லை!

உலகத்தில் ஏறக்குறைய 100 பேருக்கு 10 பேர் இடது கைக்காரர்கள். அவர்களிலும் பெரும்பாலோருக்குப் பேச்சு இடது மூளையில்தான். 2000-ல் ஜெர்மனியில், ஆரோக்கியமாக இருந்த 300-க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். பேச்சு வலது மூளையில் இருந்தவர்கள், அழுத்தமான வலது கைக்காரர்களில் 100-க்கு 4 பேர். இரண்டு கையும் பழகியவர்களில் 15 பேர். அழுத்தமான இடது கைக்காரர்களில் 27 பேர். சிலருக்கு இரண்டு பாதிகளும் பங்கு போட்டுக் கொள்கின்றன.

ஆக, ஒருவர் எந்தக் கையால் எழுதுகிறார் என்பதை வைத்து அவருடைய பேச்சு எங்கே இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒரு குறிப்பு கிடைக்கும், அவ்வளவுதான். அதனால்தான் பேச்சுப் பகுதிக்குப் பக்கத்தில் ஆபரேஷன் செய்யும்போது நரம்பியல் அறுவை நிபுணர்கள் எந்தப் பக்கம் பேச்சு என்று முன்கூட்டியே சோதித்துக் கொள்கிறார்கள்.

இடது கைப் பழக்கம் நோயில்லை. குறையும் இல்லை. சில ஜோசிய நம்பிக்கைக்காரர்கள் சொல்வது போலப் பெரிய அதிர்ஷ்டமும் இல்லை. ஒருவருக்குச் சுருட்டை முடி, ஒருவருக்கு நீள முடி. அந்த மாதிரி ஒரு அமைப்பு. நம்முடைய பேச்சு வழக்குதான் அந்தக் கைக்குப் பீச்சாங்கை, நொட்டாங்கை என்று பேர் வைத்துவிட்டது. வலது கைக்குச் சோத்தாங்கை என்ற மரியாதை!

கையை மாற்றினால் மூளை மாறுமா?

இதுதான் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி. "இப்பவே கொஞ்சம் கண்டிச்சா மாறிடும்ல?"

கை மாறும். மூளை மாறாது.

2002-ல் ஜெர்மனியில் இன்னொரு ஆய்வு. பிறவியில் இடது கைக்காரர்கள். சின்ன வயதில் கட்டாயப்படுத்தி வலது கைக்கு மாற்றப்பட்டவர்கள். பல வருஷமாக வலது கையால்தான் எழுதுகிறார்கள். அவர்களை எழுதச் சொல்லி மூளையை ஸ்கேன் செய்தார்கள். வலது கையால் எழுதும்போதும் அவர்களுடைய வலது மூளையின் சில பகுதிகள் மற்ற வலது கைக்காரர்களை விட அதிகமாக வேலை செய்தன. அதாவது, பழைய இடது கையை மூளை மறக்கவே இல்லை! வெளியே பார்த்தால் வலது கைக்காரர். உள்ளே இரண்டு பக்கமும் மல்லுக்கட்டு.

காந்தியடிகளுக்கு இரண்டு கையாலும் எழுத வரும். 1909-ல் இங்கிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் போகும்போது 'ஹிந்த் ஸ்வராஜ்' புத்தகத்தை எழுதினார். வலது கை வலித்தபோது இடது கைக்கு மாற்றிக் கொண்டார். அது அவராக விரும்பிப் பழகியது. அடி வாங்கிப் பழகியது அல்ல. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

கையை மாற்றினால் திக்குவாய் வரும் என்று ஒரு காலத்தில் மருத்துவ உலகமே நம்பியது. இன்றைக்கு அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் எழுத்து கற்கும் வயதில் பயமும் அழுகையும் சேர்ந்தால் பிள்ளைக்கு எழுத்தின் மேலேயே வெறுப்பு வரும். அதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. வகுப்பறையில் நம் கண் முன்னாலேயே நடக்கிறது.

நானும் ஒரு தப்பை ஒப்புக் கொள்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு அப்பா இதே கேள்வியைக் கேட்டார். "மெதுவா மாத்திடுங்க, பின்னால கல்யாண வயசுல பேச்சு வரும்" என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பையன் இப்போது நடுத்தர வயதுக்காரர். சமீபத்தில் பார்த்தபோது, "நீங்க சொன்னதால ரெண்டு வருஷம் ஸ்கேல் அடி வாங்கினேன் டாக்டர்" என்று சிரித்துக் கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வலந்தலையும் இடது கையும்

சங்கீதத்தில் எல்லாமே வலது கைக்காரருக்காக அமைத்ததுதான். கச்சேரி மேடையைப் பாருங்கள். பாடுகிறவருக்கு வலது பக்கம் மிருதங்கம், இடது பக்கம் வயலின். மிருதங்கக்காரர் பாடகரைப் பார்த்து உட்கார்ந்தால் அவர் வலது கையால் வாசிக்கும் வலந்தலை சபையைப் பார்க்கும். நாதம் நேராக நம் காதுக்கு வரும்.

மிருதங்கக்காரர் இடது கைக்காரராக இருந்தால்? அவருக்கு வலந்தலை இடது பக்கம். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தால் தொப்பிதான் சபையைப் பார்க்கும். வயலின்காரர் எழுந்து இடம் மாறி உட்கார வேண்டும்.

பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) அப்படிப்பட்ட இடது கைக்காரர். இந்த இட மாற்றத்துக்குச் சம்மதிக்காதவர்களால் அவர் மேடைகளை இழந்ததுண்டு. செம்பை வைத்தியநாத பாகவதர் அவருடைய வித்தையை மதித்து, மேடையில் இடத்தை மாற்றி அமைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டார். பிறகு நடந்தது சரித்திரம். பாலக்காடு மணி ஐயர், ராமநாதபுரம் முருகபூபதி, பழனி சுப்பிரமணிய பிள்ளை என்று மூவராகச் சேர்த்துச் சொல்லும் இடத்துக்கு அவர் உயர்ந்தார். அந்தக் கையைச் சின்ன வயதில் கட்டிப் போட்டிருந்தால்?

இதே மிருதங்கத்தில் நம் விஷயத்துக்கான சாவியும் இருக்கிறது. மிருதங்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் என்ன பெயர்? 'சொல்'! தா, தீ, தொம், நம் என்று வாயால் சொல்லிக் கொண்டேதான் கை பழகுகிறது. பாடத்தை வாயால் சொல்லத் தெரியாதவன் கையால் வாசிக்க முடியாது என்பது குருமார் விதி. அதே சொற்களை வாயாலேயே கச்சேரி செய்தால் அது கொன்னக்கோல்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். நம் இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், அல்லது கை நொடிக்கும் நேரம். பேச்சை அளக்கக் கையைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள்! தாளத்துக்கும் மாத்திரைதான். நாங்கள் கொடுக்கும் மருந்துக்கும் மாத்திரைதான். எல்லாமே அளவு.

பேச்சும் தாளமும் கையும் தனித்தனி அறைகளில் இல்லை. ஒரே வீட்டில் சுவரைப் பகிர்ந்து கொண்டு இருக்கின்றன.

பாட்டு படித்த மூளை

சங்கீதம் கற்றவர்களின் மூளை எப்படி இருக்கும்? 1995-ல் இரண்டு முக்கியமான ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்றில், வயலின் போன்ற தந்தி வாத்தியக்காரர்களைப் பார்த்தார்கள். தந்தியை அழுத்தும் இடது கை விரல்களுக்கு மூளையில் ஒதுக்கப்பட்ட இடம் மற்றவர்களை விடப் பெரிதாக இருந்தது. சின்ன வயதில் ஆரம்பித்தவர்களுக்கு இன்னும் பெரிது. இன்னொன்றில், மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை அளந்தார்கள். 7 வயதுக்குள் பயிற்சி தொடங்கிய இசைக் கலைஞர்களுக்கு அந்தப் பாலத்தின் முன்பகுதி தடிமனாக இருந்தது.

இடது கைக்காரர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. டயானா டாய்ச் என்ற பெண் ஆராய்ச்சியாளர் 1978-ல் ஒரு சோதனை செய்தார். ஒரு சுரம் ஒலிக்கும். பிறகு குழப்புவதற்காக வேறு ஆறு சுரங்கள். கடைசியில் மறுபடி ஒரு சுரம். முதலில் கேட்டதும் இதுவும் ஒன்றா, வேறா? இதில் இடது கைக்காரர்கள் குறைவாகத் தப்பு செய்தார்கள். அதிலும் இரண்டு கையையும் கலந்து புழங்கும் இடது கைக்காரர்கள் நன்றாகவே செய்தார்கள். சுரத்தின் ஞாபகம் அவர்களுக்கு மூளையின் இரண்டு பக்கமும் பதிவதால் இருக்கலாம் என்பது அவருடைய கருத்து.

பேச்சுக்கு என்ன லாபம்? 1998-ல் ஹாங்காங்கில் கல்லூரி மாணவிகளைச் சோதித்தார்கள். 12 வயதுக்குள் பல வருஷம் இசை கற்றவர்கள், காதால் கேட்ட வார்த்தைப் பட்டியலை மற்றவர்களை விட அதிகமாக ஞாபகம் வைத்திருந்தார்கள். படங்களை ஞாபகம் வைப்பதில் வித்தியாசம் இல்லை. அதாவது, காது தீட்டப்பட்டிருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது வெறும் ஆராய்ச்சிச் செய்தி அல்ல. கல் வேறு, கால் வேறு. படம் வேறு, பாடம் வேறு. குறிலையும் நெடிலையும் பிரித்துக் கேட்கிற காதுதான் பிழையில்லாமல் எழுதும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. "பாட்டு கிளாஸ் சேர்த்தா கணக்குல நூத்துக்கு நூறு வாங்குவானா?" என்று கேட்காதீர்கள். 1993-ல் மொசார்ட் இசையைக் கேட்டால் அறிவு வளரும் என்று ஒரு பரபரப்பு கிளம்பியது. உண்மையில் அந்தச் சோதனை கல்லூரி மாணவர்களிடம் செய்தது. கிடைத்த பலன் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மறைந்துவிட்டது. சும்மா கேட்பது வேறு, உட்கார்ந்து பழகுவது வேறு. பாட்டைப் பாட்டுக்காகக் கற்றுக் கொடுங்கள். மற்றது வந்தால் லாபம்.

பேச்சு போனாலும் பாட்டு வரும்!

இப்போது நம் தாத்தாவிடம் வருவோம். அவர் நடிக்கவில்லை. மூளையும் கலங்கவில்லை. இது மருத்துவ உலகத்துக்கு ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம்.

1745-லேயே சுவீடன் நாட்டில் இப்படி ஒருவரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். வலது பக்கம் விழுந்து, 'ஆம்' என்பதைத் தவிர பேச்சே இல்லாதவர். யாராவது எடுத்துக் கொடுத்தால் தேவாலயப் பாட்டுகளைத் தெளிவாகப் பாடினாராம். ரஷ்ய இசையமைப்பாளர் ஷெபாலின், 1953-லும் 1959-லும் வந்த பக்கவாதத்தால் பேச்சையும் மொழியைப் புரிந்து கொள்ளும் சக்தியையும் பெருமளவு இழந்தார். ஆனாலும் மாணவர்களின் இசையைத் திருத்தினார், புதிய இசையும் எழுதினார்.

இது எப்படி? புதிதாக ஒரு வாக்கியத்தை யோசித்து, வார்த்தை தேடி, வரிசைப்படுத்திச் சொல்வது இடது மூளையின் வேலை. நாற்பது வருஷம் பாடிப் பழகிய பாட்டு அப்படி அல்ல. ராகமும் வார்த்தையும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். ராகத்தைப் பிடித்து இழுத்தால் வார்த்தை கூடவே வரும். ராகத்தைக் கையாள்வதில் வலது மூளைக்கு நல்ல பங்கு உண்டு. அது சேதமாகாமல் இருக்கிறது. (இசை முழுக்க வலது மூளை என்பதும் பாதி உண்மைதான். தாளத்துக்கும் நல்ல பயிற்சி பெற்ற வித்வானுக்கும் இடது பாதியும் வேலை செய்கிறது.)

இதை வைத்து 1973-ல் அமெரிக்காவில் ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார்கள். ராகம் போட்டுப் பேச வைக்கும் முறை. என்ன செய்வார்கள் தெரியுமா? அன்றாடம் தேவைப்படும் ஒரு சின்ன வாக்கியத்தை எடுத்துக் கொள்வார்கள். மேல் சுரம், கீழ் சுரம் என்று இரண்டே சுரத்தில் மெதுவாகப் பாடுவார்கள். ஒவ்வொரு அசைக்கும் ஒரு தட்டு. நோயாளியின் எந்தக் கையால்? இடது கையால்!

வலது கை விழுந்திருப்பது ஒரு காரணம். இடது கை அசையும்போது வலது மூளை தட்டி எழுப்பப்படும் என்பது இன்னொரு எண்ணம். தண் – ணி – வே – ணும். நாலு அசை, நாலு தட்டு. நம் ஊர்க் கணக்கில் சதுச்ரம்! முதலில் பயிற்சியாளர் முனகுவார். பிறகு இருவரும் சேர்ந்து பாடுவார்கள். பிறகு அவர் குரலைக் குறைத்துக் கொள்வார். கடைசியில் ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிவிட்டுப் பேச்சாக மாற்றுவார்கள். 2011-ல் தலையில் குண்டடி பட்டுப் பேச்சிழந்த அமெரிக்க எம்.பி. கேப்ரியல் கிஃபோர்ட்ஸுக்கும் இசைப் பயிற்சி உதவியாக இருந்தது.

எல்லோருக்கும் பலிக்குமா? இல்லை. மற்றவர் சொல்வது புரிந்து, வாயில் மட்டும் வார்த்தை வராதவர்களுக்குத்தான் இது அதிகம் பொருந்தும். பழகிய வாக்கியங்கள் நன்றாக வரும்; புது வாக்கியம் பேசுவது அவ்வளவு சீக்கிரம் வராது. வெறுமனே பழைய பாட்டைப் பாடிக் கொண்டிருந்தால் மட்டும் பேச்சு திரும்பிவிடாது. முறையாகச் செய்ய, பேச்சுப் பயிற்சி நிபுணர் வேண்டும். மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனம் போன்ற இடங்களில் இதற்கென்றே படித்தவர்கள் உருவாகிறார்கள். பெரிய மருத்துவமனைகளில் கேட்டுப் பாருங்கள்.

அவசரத்தில் வைத்தியரைத் தேடாதீர்கள்

சித்த வைத்தியன் நானே சொல்கிறேன். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? ஒரு கையைத் தூக்க முடியவில்லையா? பேச்சு குழறுகிறதா? இந்த மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் என்னிடம் வராதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். ஸ்கேன் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தக் கட்டியால் வந்த பக்கவாதம் என்றால், அதைக் கரைக்கும் ஊசியை 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். எப்போது ஆரம்பித்தது என்ற நேரத்தைக் குறித்துக் கொள்ளுங்கள்.

பேச்சு வரவில்லை என்றதும் நாக்கில் வசம்பு தடவுவது நம் ஊர் வழக்கம். தேன், காபி, கஷாயம் என்று வாயில் ஊற்றுவதும் உண்டு. வேண்டவே வேண்டாம்! பக்கவாதத்தில் விழுங்கும் சக்தியும் கெட்டிருக்கலாம். ஊற்றியது நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகும். விழுங்க முடிகிறதா என்று டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை வாயில் தண்ணீர்கூடக் கூடாது.

எங்கள் எண்ணெயும் தொக்கணமும் ஆபத்து நீங்கி, அந்த டாக்டர் சம்மதித்த பிறகுதான்.

இடது கைக் குழந்தைக்கு...

1. எழுதும் கையை மாற்றாதீர்கள். சாப்பிடுவது, பிரசாதம் வாங்குவது போன்றவற்றை வலது கையால் செய்ய அன்பாகப் பழக்கலாம். அடி, திட்டு, கட்டு மூன்றும் கூடாது.

2. நோட்டை, அதன் இடது மேல் மூலை சற்று உயர்ந்திருக்கும்படி சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். பென்சிலைக் கொஞ்சம் மேலே பிடித்தால் எழுதிய எழுத்து கையால் மறையாது, மை தீற்றாது.

3. பள்ளிக்கூடத்தில் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது.

4. எந்தக் கை என்பது நாலிலிருந்து ஆறு வயதுக்குள் பெரும்பாலும் நிலைத்துவிடும். ஆனால் ஒரு வயதுகூட ஆகாத குழந்தை ஒரே கையை மட்டும் உபயோகித்து மற்ற கையை அசைக்காமலே வைத்திருந்தால் அது பழக்கம் அல்ல. அந்த மற்ற கையில் பலவீனம் இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

5. பாட்டோ, மிருதங்கமோ, வயலினோ கற்க ஆசைப்பட்டால் தாராளமாகச் சேருங்கள். இடது கைக்காரர் என்று முதல் நாளே குருவிடம் சொல்லிவிடுங்கள்.

பேச்சிழந்தவருக்கு...

1. அவருக்குக் காது கேட்கிறது. கத்திப் பேசாதீர்கள். குழந்தையிடம் பேசுவது போலவும் பேசாதீர்கள்.

2. ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும்படி கேளுங்கள். பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருங்கள்.

3. "பேச வரலேன்னா எழுதிக் காட்டட்டுமே" என்பார்கள். பலருக்கு எழுத்தும் சேர்ந்தே போயிருக்கும். தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை, வலி என்று படம் வரைந்து பக்கத்தில் வையுங்கள்.

4. பாட வந்தால் பாட விடுங்கள். நீங்களும் கூடச் சேர்ந்து பாடுங்கள்.

5. அவர் பிறவி இடது கைக்காரரா? சின்ன வயதில் கை மாற்றப்பட்டவரா? டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். வலது கையால் எழுதுகிறார் என்று மட்டும் சொன்னால் பாதித் தகவல்தான். இடது பக்கம் விழுந்தும் பேச்சு போனவர்களுக்கு இந்தத் தகவல் முக்கியம்.

அன்றைக்கு நடந்தது...

பாட்டியிடம் நான் இவ்வளவும் பேசவில்லை. "குழந்தைக்கு நாடி பார்க்கணும்மா, கையைக் காட்டச் சொல்லுங்க" என்றேன். எங்கள் முறையில் ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கையில் நாடி பார்ப்பது வழக்கம். பாட்டிக்கும் அது தெரியும். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு அவரே முடிச்சை அவிழ்த்தார்.

"வைத்தியரே இந்தக் கையைத்தான் கேக்கறாரு பாரு" என்றேன் குழந்தையிடம். அது தாத்தாவைப் பார்த்துச் சிரித்தது.

தாத்தாவைப் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினேன். வீட்டில் தினமும் பேத்திதான் கூட உட்கார்ந்தாள். அவளும் இடது கை, அவரும் இடது கை. எதிரெதிரே உட்கார்ந்து பாயில் தட்டித் தட்டி, 'தண்ணி வேணும்', 'சோறு போடு'. ஆறு மாதம் கழித்து வந்தபோது பெரியவருக்கு ஏழெட்டு வாக்கியம் வந்திருந்தது. நீளமாகப் பேச இன்னும் வரவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் கிளம்பும்போது வாசற்படியில் நின்று, இடது கையால் கதவைத் தட்டித் தட்டி, ஒவ்வொரு எழுத்தாக என்னிடம் சொன்னார்: "போய்ட்டு வரேன்."

பாட்டி அவரை நிறுத்தச் சொல்லவில்லை.